வலிக்காத கால்

ஐந்து வருடங்களுக்கு முன்பு, புரட்டாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணி இருக்கும். பல்லடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், மெயின் ரோட்டோரமாக இருக்கும் ஒரு பேக்கரியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இரண்டு கோழிப் பண்ணைகளைப் பார்த்து முடித்திருந்தேன். இன்னும் மூன்று பாக்கி.

பண்ணை என்றதும் சொந்தப் பண்ணை என்று நினைத்துவிட வேண்டாம். கறிக்கோழிக் கம்பெனி ஒன்றில் எனக்கு சூப்பர்வைசர் வேலை. கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும். விவசாயிகள் தங்கள் கொட்டகையில் வளர்த்துத் தருவார்கள். நான் பைக்கில் போய்க் கோழிகளைப் பார்த்து, எடை போட்டு, செத்தது எத்தனை என்று கேட்டுக் கார்டில் எழுதிவிட்டு வர வேண்டும். இருபது வருடமாக இதே வேலை. அப்போது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. சர்க்கரை வியாதி வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. மாத்திரை போடுவேன், ஞாபகம் வந்தால்.

அந்த பேக்கரியில் தரை துடைக்கும் பெண்மணி ஒருவர் உண்டு. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். பல தடவை பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. அன்று அவர் மாப்பை எடுத்துக்கொண்டு வாசலிலிருந்து தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். என் மேஜைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். திரும்பி வாசலைப் பார்த்தார். தரையில் சிவப்பாக இருந்ததைப் பார்த்து, யாரோ வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டார்கள் என்று நினைத்துக் கோபமாகத்தான் வந்தாராம். பிறகு என்னிடம் சொன்னார்.

“ஏனுங்ணா, காலைத் தூக்குங்க.”

துடைப்பதற்குச் சொல்கிறார் என்று இரண்டு காலையும் தூக்கினேன். அவர் துடைக்கவில்லை. குனிந்து என் வலது ஷூவின் அடியைப் பார்த்தார்.

“நீங்க நடந்து வந்த பக்கமெல்லாம் ரத்தமுங்க.”

எட்டிப் பார்த்தேன். வாசலிலிருந்து என் நாற்காலி வரைக்கும், ஓர் எட்டு விட்டு ஓர் எட்டு, சின்னச் சின்னதாகச் சிவப்புக் கறை. அவர் சொல்லி ஷூவைக் கழற்றப் பார்த்தேன். வரவில்லை. பலமாக இழுத்ததும் எதையோ உருவிக்கொண்டு வந்தது. ஷூவின் அடியில் ஓர் ஆணி ஏறியிருந்தது. கொட்டகைக் கூரைத் தகரத்துக்கு அடிப்பார்களே, அந்த ஆணி. அதன் தலை தார் ரோட்டில் தேய்ந்து பளபளவென்று இருந்தது. முனை ஷூவுக்குள்ளே ஒரு விரல்கடை நீளத்துக்கு நின்றது. அவ்வளவும் என் பாதத்துக்குள் இருந்திருக்கிறது.

“வலிக்கலீங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க” என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். எனக்கு வலி தாங்குகிற உடம்பு என்று ஓர் எண்ணம் இருந்தது. ஒரு தடவை பைக் சைலன்சர் பட்டுக் கணுக்கால் வெந்துபோனதை மறுநாள் குளிக்கும்போதுதான் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் பதறினார்கள். எனக்கு அது மனவுறுதியாகத் தெரிந்தது.

அந்தப் பெண்மணியின் முகம் மாறிவிட்டது.

“வலிச்சிருந்தா நான் ஒண்ணுஞ் சொல்லியிருக்க மாட்டேனுங்க. நீங்களே கத்திக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடியிருப்பீங்க. வலிக்கலைங்கறீங்களே, அதானுங்க பயமா இருக்குது. இப்பவே பெரிய ஆஸ்பத்திரியாப் பாத்துப் போயிருங்க.”

அவர் முன்பு கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆறு வருடம் வார்டு துடைத்தவராம். சர்க்கரைக் காலோடு வந்து படுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறார். எல்லோரும் வலிக்கவே இல்லை என்றுதான் சொன்னார்களாம். குழாயடிக்குக் கூட்டிப் போய்க் காலில் தண்ணீர் ஊற்றினார். புதுத் துணி ஒன்றைக் கிழித்துக் கட்டிவிட்டார். பிறகு என் போனைக் காட்டி, “வீட்டம்மாவுக்குப் போட்டுக் குடுங்க” என்றார். நான் அதிகம் பேச்சுக் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் அன்றைக்கு ஏனோ போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர் பார்த்ததை எல்லாம் என் மனைவியிடம் இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. ஆணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதே ஷூவை மாட்டிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போனேன். கோழிக் கொட்டகைக்குள் நுழையும் முன் வாசலில் இருக்கும் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை முக்க வேண்டும். வெளியிலிருந்து நோய் உள்ளே போகக் கூடாது என்பதற்காக. அங்கேயும் முக்கினேன். கட்டோடு முக்கினேன். அந்தத் தண்ணீரின் கறையால் என் சாக்ஸ் எப்போதுமே பழுப்பாகத்தான் இருக்கும். ரத்தம் ஊறியது எனக்குத் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

மனைவி ஒன்பது தடவை போன் செய்தாள். ஒவ்வொரு தடவையும் கட் செய்தேன். கடைசிப் பண்ணைக்குப் போகும்போது காய்ச்சலில் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. கால் வீங்கி ஷூவை அடைத்துக்கொண்டு நின்றது. நாலு மணிக்கு வீட்டுக்குத் திரும்பியபோது, துணிமணி எடுத்து வைத்த பையோடு அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் தம்பியின் கார். “ஏறுங்க” என்றாள். கார் நேராகக் கோயமுத்தூருக்குப் போனது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் இளவயது லேடி டாக்டர். காலைப் பார்த்துவிட்டு, எப்போது குத்தியது என்று கேட்டார். தெரியாது என்றேன். புண்ணைப் பார்த்தால் மூன்று நாளாவது ஆகியிருக்கும் என்றார். மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். மூன்று நாளில் பதினான்கு கொட்டகைகள் நடந்திருக்கிறேன். ஆணி மேல்தான் நடந்திருக்கிறேன். ராத்திரி ஷூவைக் கழற்றியபோதும் அடியைத் திருப்பிப் பார்த்ததில்லை.

பிறகு மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தார். “கண்ணை மூடிக்கோங்க. நான் காலில் தொடும்போதெல்லாம் ‘ம்’ சொல்லுங்க” என்றார். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வேறு யாரையோ கவனிக்கப் போய்விட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“கண்ணைத் திறங்க, முடிஞ்சுது” என்றார். “ரெண்டு கால்லயும் பத்துப் பத்து இடத்துல தொட்டேன். நீங்க ஒரு தடவைகூட ‘ம்’ சொல்லலை.”

என் மனைவியைப் பார்த்தேன். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவள் முன்னால்தான் தொட்டிருக்கிறார்.

பல வருடம் ஏறிய சர்க்கரை என் கால் நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்திருக்கிறது. காலில் என்ன நடந்தாலும் மேலே சேதி போகவில்லை. நான் உறுதி என்று நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான். அன்றே டிரெஸ்ஸிங் அறையில் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி எதுவும் போடாமல், கெட்ட சதையை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். யாருடைய காலையோ வெட்டுவதுபோல் இருந்தது. அப்போதுதான் முதன்முதலாக எனக்குப் பயம் வந்தது.

எலும்பு வரை சீழ் போயிருந்ததால் மறுநாள் ஆபரேஷன் செய்து, ஆணி இறங்கிய இடத்துக்கு நேராக இருந்த வலது காலின் இரண்டாவது விரலை எடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் தள்ளியிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுப்பதைப் பற்றித்தான் பேச வேண்டியிருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். அன்னூர்ப் பக்கத்துக்காரர். வயதில் என்னைவிட நாலைந்து வருடம் சிறியவர். தண்ணீர் லாரிக்கு டயர் மாற்றும்போது ஜாக்கி சறுக்கி வண்டி காலின்மேல் இறங்கிவிட்டது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. புண் நன்றாக ஆறிக்கொண்டு வந்தது. ஆனால் மனுஷன் ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்து நான் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே இருப்பார். திடீரென்று போர்வையைப் பல்லில் கடித்துக்கொள்வார். இல்லாத காலின் விரல்களை யாரோ ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி முறுக்குவதுபோல வலிக்கிறதாம். கட்டைவிரல் எது, சுண்டுவிரல் எது என்றுகூடச் சொல்வார்.

இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் சும்மா இருக்க முடியாமல், “தம்பி, இல்லாத காலு எப்படீங்க வலிக்கும்? எல்லாம் மனசுதானுங்க. நினைக்காம இருந்தாச் சரியாப் போயிரும்” என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“இல்லாத காலு எப்படி வலிக்கும்னு நானுந்தானுங்ணா கேட்டுக்கிட்டு இருக்கறேன். உங்களுக்குத் தெரிஞ்சாச் சொல்லுங்க.”

கட்டிலுக்குக் கீழே பாயில் உட்கார்ந்து டிபன் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளிடமும் இதையேதான் நான் சொல்லியிருந்தேன் என்பது அந்தப் பார்வைக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

அதைச் சொல்லிவிடுகிறேன். அப்போதைக்கு ஏழு வருடம் முன்னால் அவள் ஸ்கூட்டியிலிருந்து விழுந்தாள். இடுப்பில் அடி. எலும்பு முறியவில்லை, தசையில்தான் அடி, ஆறு வாரத்தில் சரியாகும் என்றார்கள். ஆறு வாரம் ஆயிற்று, ஆறு மாதமும் ஆயிற்று. வலிக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு டாக்டர்களிடம் கூட்டிப் போனேன். ஸ்கேன் எடுத்தோம். ஒன்றும் இல்லை என்று வந்தது. “ஒண்ணுமில்லைன்னு படமே சொல்லுது, அப்புறம் எங்கிருந்து வலி வரும்? எல்லாம் உன்ற மனசுதான்” என்று சொல்லிவிட்டேன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கோழிக்கு நோய் என்றால் அறுத்துப் பார்த்தால் உள்ளே தெரியும். தெரியாத நோய் எனக்குப் பழக்கமில்லை. அதற்குப் பிறகு அவள் வலியைப் பற்றி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். பேசாததால் சரியாகிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் டிரைவருக்காக பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். கையில் ஓர் ஆள் உயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவரிடமும் டிரைவர் இதையே கேட்டார். இல்லாத கால் எப்படி வலிக்கும்?

அந்தப் பெண் அவசரப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “ஜாக்கி சறுக்குன அந்த நிமிஷம் எப்படிங்க இருந்துச்சு?” என்று கேட்டார்.

“அப்ப வலியே இல்லீங்க மேடம்” என்றார் டிரைவர். “போனை எடுத்து, ஆம்புலன்சுக்குப் போட்டு, எந்த ஊரு, எந்த வளைவுன்னு வழியெல்லாம் நாந்தானுங்க சொன்னேன். வண்டியில ஏத்திக் கதவைச் சாத்துனாங்க பாருங்க, அப்பத்தான் வந்துச்சு வலி. உசுரே போற மாதிரி.”

“கால் நசுங்கிக் கிடக்கையில வலி இல்லை. காப்பாத்த ஆள் வந்த பிறகு வலி. அப்ப வலி கால்லயா உண்டாகுது?”

டிரைவர் யோசித்தார். நானும் யோசித்தேன்.

அந்தப் பெண் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். அடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்குச் சேதி மட்டும்தான் போகிறது. அந்தச் சேதி ஆபத்தானதா, இப்போது என்ன செய்தால் உயிர் பிழைக்கலாம் என்று மூளைதான் முடிவு செய்கிறது. அந்த இடத்தைக் கவனி, அசைக்காதே, காப்பாற்று என்று நம்மை இழுத்துப் பிடிப்பதற்காக அதுவே வலியை உண்டாக்குகிறது. லாரிக்கு அடியில் கிடந்தபோது போன் செய்வதுதான் முக்கியம் என்று வலியைத் தள்ளி வைத்தது. இப்போது கால் போய்விட்டாலும், கால் இருந்ததற்கான இடம் மூளைக்குள் அப்படியே இருக்கிறது. அங்கே வழக்கமாக வரும் சேதி வராததால், என்னவோ ஏதோ என்று அது வலியைக் கிளப்பிக்கொண்டே இருக்கிறது. இதில் எல்லாமே முழுக்கத் தெரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது என்பதையும் அவரே சொன்னார்.

எனக்கு எங்கள் தொழிலில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. நான்கு பக்கமும் மூடி, மின்விசிறியை நம்பியே நடத்தும் கோழிக் கொட்டகைகள் உண்டு. கரண்ட் போனால் அலாரம் அடிக்கும். ஒரு பண்ணையில் அது அடிக்கடி காரணமில்லாமல் அடித்துத் தொல்லை கொடுத்தது என்று ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். ஒரு நாள் மத்தியானம் நிஜமாகவே விசிறிகள் நின்றன. ஆள் போய்ப் பார்ப்பதற்குள் கொட்டகை முழுக்கச் செத்துக் கிடந்தது. நான்தான் போய் எண்ணினேன். அன்று முழுவதும் பண்ணைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதே நாட்களில் என் காலிலும் ஒயர் அறுந்துகொண்டிருந்திருக்கிறது.

பிசியோதெரபிஸ்ட் டிரைவரை உட்கார வைத்து, கண்ணாடியை இரண்டு காலுக்கும் நடுவில் நிறுத்தினார். இல்லாத கால் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துகொண்டது. முன்னால் வலது காலும், கண்ணாடிக்குள் அதன் பிம்பமும். பார்க்கிறவருக்கு இரண்டு கால் இருப்பதுபோல் தெரியும். கண்ணாடிக்குள் இருக்கும் காலையே பார்த்துக்கொண்டு, வலது கால் விரல்களை மெதுவாக விரிக்கச் சொன்னார்.

டிரைவர் விரித்தார். மடக்கினார். மறுபடி விரித்தார். நாலைந்து நிமிடம் போயிருக்கும். “விரியுதுங்க” என்றார். “முறுக்கிக்கிட்டு இருந்தது விரியுதுங்க, மேடம்.”

கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். டிரைவரின் மனைவி மில் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம்தான் வருவார். பிசியோதெரபிஸ்ட் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருவார். அதனால் அடுத்த நாளிலிருந்து கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்து கண்ணாடியைப் பிடிக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சில நாள் கேட்கும். சில நாள் எவ்வளவு விரித்தாலும் பலன் இருக்காது, “இன்னிக்கு விடுங்ணா” என்று படுத்துவிடுவார். “மனசுதானுங்க” என்று நான் சொன்னதைப் பற்றி அவர் மறுபடி பேசவே இல்லை. நானும் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியைச் சாயாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த முதல் நாள், பிசியோதெரபிஸ்ட் கிளம்பும் நேரத்தில்தான் எனக்கு மறக்க முடியாதது நடந்தது. என் மனைவி எழுந்து அவர் பக்கத்தில் போனாள். எனக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஆனால் இரண்டு எட்டுத் தூரம்தான், கேட்டது.

“ஏனுங்க அம்மணி, ஒரு சந்தேகமுங்க. அடிபட்ட எடம் எப்பவோ ஆறிப்போச்சு. ஸ்கேன்லயும் ஒண்ணுமில்லை. ஆனா வலி மட்டும் இருக்குதுன்னா, அது பொய்யுங்களா?”

பிசியோதெரபிஸ்ட் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். யாருக்கு என்று கேட்கவில்லை.

“பொய்யில்லீங்கம்மா. ஸ்கேன்ல எலும்பு தெரியும், சதை தெரியும், வலி தெரியாது. புண் ஆறின பிறகும் சிலபேருக்கு மூளையும் நரம்பும் இன்னும் பயந்துக்கிட்டே இருக்கும். சின்ன அசைவுக்குக்கூட ஆபத்துன்னு கத்தும். தூக்கமில்லைன்னா இன்னும் கத்தும். வலிக்குதுன்னு சொல்றதை வீட்டுல யாரும் நம்பலைன்னா, அதுக்கும் கத்தும். எத்தனை நாளா இருக்குதுங்க?”

“ஏழு வருஷமுங்க.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்க்கும்படியாக எதுவும் இல்லை. பக்கத்துக் கட்டடத்தின் சுவர்.

மறுநாள் காலை நான் சீக்கிரமே விழித்திருந்தேன். அவள் எழுந்திருப்பதைப் பார்க்க வேண்டும் என்றே விழித்திருந்தேன் என்று சொல்லலாம். எனக்குத் துணை இருப்பதற்காக நாலு நாளாக அந்த வார்டின் சிமெண்டுத் தரையில், ஒரு பாயில் படுத்துக்கொண்டிருந்தாள். முதலில் ஒருக்களித்துத் திரும்பினாள். கையை ஊன்றி அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு என் கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு முட்டிபோட்டாள். மூச்சை ஒரு தடவை இழுத்துவிட்டாள். அப்புறம்தான் நின்றாள். நின்றதும் முகத்தைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினாள். நான் பார்த்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

அவள் முகத்தைச் சரிசெய்துகொண்ட அந்த லாவகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, தினமும் செய்து பழகியது என்று. எங்கள் வீட்டில் ஏழு வருடமாக ஒவ்வொரு காலையும் இது நடந்திருக்கிறது. நான் பக்கத்தில்தான் இருந்திருக்கிறேன்.

“ரொம்ப வலிக்குதா?” என்று கேட்டேன்.

அவள் அவிழ்ந்த முடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

“இதைக் கேக்கறதுக்கு உங்களுக்கு ஒரு வெரலு போகோணுமாக்கும்” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு டீ வாங்கப் போய்விட்டாள். அன்று அவளுக்கு ஒரு மடக்குக் கட்டில் கிடைக்குமா என்று வார்டு சிஸ்டரிடம் கேட்டேன். கேட்டவுடன் கொடுத்தார்கள். நாலு நாளும் அது அங்கேயேதான் சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறது.

பதினேழாம் நாள் வீட்டுக்குத் திரும்பினோம். புண் முழுதாக ஆற மூன்று மாதம் ஆயிற்று. டிரைவர் எங்களுக்கு முன்பே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். இப்போது செயற்கைக் கால் வைத்து, சொந்த ஊரில் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிறார். எப்போதாவது போன் செய்வார். இல்லாத விரல்கள் மாதத்துக்கு ஒரு தடவை வந்துவிட்டுப் போகும் என்பார். எனக்குப் போன விரல் இன்றுவரை ஒரு தடவைகூட வலித்ததில்லை. இருந்தபோதே வலிக்காதது, போன பிறகு எங்கே வலிக்கப் போகிறது.

என் மனைவியும் அந்த பிசியோதெரபிஸ்டிடமே ஒரு வருடம் போனாள். முதலில் பத்து நிமிடம் நடை, பிறகு பதினைந்து, இருபது என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். பயப்படாமல் குனியச் சொல்லிக்கொடுத்தார். டாக்டர் ஒரு மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். வலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்கிறாள். மழைக்காலத்திலும், வீட்டில் ஏதாவது சங்கடம் என்றாலும் மறுபடி வருகிறது. வந்தால் சொல்கிறாள்.

நடக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாக அந்த பேக்கரிக்குப் போனேன். அந்தப் பெண்மணி இருந்தார். ‘நல்லா இருக்கறீங்களா’ என்று கேட்கும் முன்பே அவர் பார்வை என் காலுக்குத்தான் போனது. நான் செருப்பைக் கழற்றிக் காட்டினேன். விரல்களை எண்ணினார். “ஒண்ணோட போச்சுங்களே” என்று மேலே பார்த்துக் கும்பிட்டார். நன்றி சொன்னதை அவர் சரியாகக் காதில் வாங்கவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேனா, வெறுங்காலோடு நடக்கிறேனா என்று கேட்டுக்கொண்டே மாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போடுகிறேன். நடப்பதில்லை.

டாக்டர் சொன்னபடி தினமும் குளித்ததும் பாதங்களைத் திருப்பிப் பார்க்கிறேன். என் கால் எனக்குச் சொல்லாததை இனிமேல் நானாகத்தான் தேடிப் பார்க்க வேண்டும். அதைப் பார்த்து முடித்ததும் அவளிடம் போய், இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். பதிலுக்கு நான் எதுவும் சொல்வதில்லை, யோசனை கூறுவதில்லை. ஆணி மேல் மூன்று நாள் நடந்ததை நினைத்தால் இப்போது எனக்கு அவ்வளவு ஆச்சரியமாக இல்லை. அதற்காவது நரம்பு கெட்டுப்போயிருந்தது என்ற காரணம் உண்டு, என்னைப் பார்த்து வாய்விட்டு வலிக்கிறது என்று சொன்னவளை ஏழு வருடம் கேட்காமல் இருந்ததற்கு என்ன கெட்டுப்போயிருந்தது என்றுதான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.